ஷெட்டில் கட்டிய விமானத்துக்கும் எண் உண்டு: பதிவுக் குறி பற்றி ஓர் எளிய விளக்கம்

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமென்றால் கோவைக்கு இறங்க வேண்டும். ஆனாலும் வானத்தைப் பற்றிய பேச்சுக்கு இங்கே குறைவில்லை. வெலிங்டனுக்கு ராணுவ ஹெலிகாப்டர் வந்தாலும் சரி, ஊட்டி தீட்டுக்கல் தளத்தில் முக்கியப் புள்ளி யாராவது வந்து இறங்கினாலும் சரி, டீக்கடையில் அரை மணி நேரத்துக்கு அதுதான் பேச்சு. இப்போது அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: வீட்டிலேயே விமானம் கட்டுவது. அமெரிக்காவில் யாரோ ஒருவர் கார் ஷெட்டில் விமானம் கட்டிப் பறக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, குன்னூரிலும் கோத்தகிரியிலும் பாலிடெக்னிக் படிக்கும் பையன்கள் “நாமும் கட்டலாமே” என்கிறார்கள். ஆசையில் தவறில்லை. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்பக் காதில் விழும் மூன்று வாக்கியங்கள்தான் இதை எழுத வைத்தன.

“சின்ன விமானத்துக்கு நம்பரே வேண்டாம்.” “நம்பர் கிடைச்சிட்டா கவர்மென்ட் ஓகே சொல்லிட்ட மாதிரி.” “எழுத்தைப் பெரிசா எழுதறது மத்த பைலட்டுக்குத் தெரியறதுக்கு.”

மூன்றுமே தவறு. ஆனால் மூன்றும் முழுக்கக் கற்பனையும் இல்லை. எங்கேயோ இருக்கும் ஓர் உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அந்த உண்மைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ஆர்.சி. வேறு, எஃப்.சி. வேறு

ஊட்டியில் ஓடும் ஜீப்பில் டிஎன் 43 என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண் எதைச் சொல்கிறது? இந்த வண்டி இந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது, இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, அவ்வளவுதான். பிரேக் பிடிக்குமா, கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்குமா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. அதற்கு எஃப்.சி. என்று தனியாக ஒரு சோதனை. ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கும், எஃப்.சி. முடிந்துபோயிருக்கும். வாடகை வண்டி ஓட்டுபவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

விமானத்திலும் இதே இரண்டும் தனித்தனிதான். விமானத்தின் மேல் பெரிதாக எழுதப்படும் எழுத்துகளுக்குப் பதிவுக் குறி என்று பெயர். அது ஆர்.சி. மாதிரி. விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்று பார்த்துத் தரும் அனுமதிக்கு வான்தகுதி என்று பெயர். அது எஃப்.சி. மாதிரி. இந்தியாவில் இரண்டையும் கவனிப்பது டிஜிசிஏ என்ற ஒரே அலுவலகம்தான்; மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ வாரத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார். 2017-இல் அதற்கு விடி-என்எம்டி என்ற பதிவுக் குறி கிடைத்தது. ஆனால் பறந்து பார்க்க அனுமதி வந்தது 2019-இல்தான். இடைப்பட்ட காலம் முழுக்க அந்த விமானத்துக்கு எண் இருந்தது, பறக்க உரிமை இல்லை.

பிரிட்டனில் இதற்கு நேர் எதிரான நிலை. அங்கே ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய மிக இலகுவான விமானங்களை வான்தகுதிச் சோதனையிலிருந்து அரசே விடுவித்துவிட்டது. கட்டியவர் பாடு, பறப்பவர் பாடு. ஆனால் பதிவுக் குறி மட்டும் கட்டாயம். “உன் விமானம் எப்படி இருக்கிறது என்று நாங்கள் பார்க்கப்போவதில்லை, ஆனால் அது யாருடையது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்” என்பதுதான் இதன் பொருள். எண்ணின் வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விதியை நான் பார்த்ததில்லை.

ஆக இதுவரை: எண் என்பது அடையாளம். தரச் சான்று இல்லை. எண் இருந்தும் பறக்க முடியாத விமானம் உண்டு. சோதனையே இல்லாமல் எண்ணோடு பறக்கும் விமானமும் உண்டு.

## குறியில் இரண்டு பகுதி

பதிவுக் குறியில் இரண்டு துண்டுகள் இருக்கும். முதல் துண்டு நாட்டைச் சொல்லும். இதை நாட்டுக் குறி என்பார்கள். இந்தியாவுக்கு ‘விடி’. பிரிட்டனுக்கு ‘ஜி’. அமெரிக்காவுக்கு ‘என்’. பிறகு ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பின் அந்த விமானத்துக்கென்றே உள்ள எழுத்துகள். இந்தியாவில் அவை மூன்று. 26 எழுத்துகளை மூன்று இடங்களில் எப்படி அடுக்கினாலும் 17,576 சேர்க்கைகள்தான் வரும். அமெரிக்காவில் கோடு கிடையாது. ‘என்’னுக்குப் பிறகு எண்களும் கடைசியில் வேண்டுமானால் ஒன்றிரண்டு எழுத்துகளும் வரும். அதில் ‘ஐ’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பதே இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்று, பூஜ்யம் மாதிரித் தெரியும் என்பதால்.

‘விடி’ என்பது ‘வைசிராய் டெரிட்டரி’ என்பதன் சுருக்கம், அடிமைச் சின்னம் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். அது உண்மை இல்லை. 1920-களின் கடைசியில் ரேடியோ அழைப்புக் குறிகளை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, ‘வி’யில் தொடங்கும் வரிசைகள் பல அன்றைய பிரிட்டிஷ் பேரரசுக்குப் போயின. அதில் ஒன்று நமக்கு வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு ‘விஎச்’. அங்கே எந்த வைசிராயும் ஆண்டதில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

வண்டிக்கு ஃபேன்ஸி நம்பர் வாங்குவது போல இங்கேயும் விருப்ப எழுத்து உண்டு. ஆலப்புழைக்காரர் ஒருவர் லண்டனில் கொரோனா ஊரடங்கில் ‘ஸ்லிங்’ என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பாகங்களை வாங்கி நான்கு இருக்கை விமானம் கட்டினார். பிரிட்டனில் ‘ஜி’க்குப் பிறகு நான்கு எழுத்து. மகளின் பெயர் அதில் கச்சிதமாகப் பொருந்த, அதையே பதிவுக் குறியாக வாங்கிவிட்டார்.

தமிழ்நாட்டிலேயே வீட்டு விமானக் கதை பழையது. 1910-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், தானே வடிவமைத்த விமானத்தை சிம்சன் நிறுவனத்தில் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். அதற்கு எண் கொடுக்க அன்றைக்கு யாரும் இல்லை. நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து ‘உனக்கு இந்த எழுத்து, எனக்கு இந்த எழுத்து’ என்று பிரித்துக்கொண்டது 1919-இல், பாரிஸ் ஒப்பந்தத்தில்தான்.

## “சின்ன விமானத்துக்கு நம்பர் வேண்டாம்” எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. அங்கே அல்ட்ராலைட் என்று ஒரு வகை உண்டு. ஒரே இருக்கை, என்ஜினோடு சேர்த்தே எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள், எரிபொருள் 5 கேலனுக்கு மேல் கூடாது, வேகத்துக்கும் வரம்பு. இந்தக் கட்டங்களுக்குள் அடங்கினால் பதிவும் வேண்டாம், குறியும் வேண்டாம், பைலட் லைசென்ஸும் வேண்டாம். யூடியூபில் நாம் பார்க்கும், துணி இறக்கையோடு வயல் மேல் மிதந்து போகும் விமானங்களில் பல இந்த வகை.

அது அந்த நாட்டு விதி. வீடியோவோடு சேர்ந்து விதி கடல் தாண்டி வராது. இந்தியாவில் 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள், பதிவு செய்து குறி எழுதாத விமானத்தைப் பறக்கவிடக் கூடாது என்றுதான் தொடங்குகின்றன. இங்கே மைக்ரோலைட் எனப்படும் சிறு விமானங்களும் ‘விடி’ எழுதிக்கொண்டுதான் பறக்கின்றன.

இன்னொரு குழப்பம், அல்ட்ராலைட்டும் வீட்டில் கட்டிய விமானமும் ஒன்று என்று நினைப்பது. வீட்டில் கட்டியது என்பது அளவைப் பற்றிய பேச்சே இல்லை; யார் கட்டினார்கள் என்பதைப் பற்றியது. அமெரிக்காவில் இதற்கு 51 சதவீத விதி என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. கட்டும் வேலையில் பாதிக்கு மேல், பிழைப்புக்காக இல்லாமல், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ ஒருவர் தானே செய்திருக்க வேண்டும். பாகங்களைப் பெட்டியில் வாங்கிக் கோத்தாலும் பரவாயில்லை, வேலையின் பெரும்பகுதி அவருடையதாக இருந்தால் போதும். அப்படிக் கட்டியது 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நான்கு இருக்கை விமானமாகவும் இருக்கலாம். அதற்கு அமெரிக்காவிலும் பதிவு கட்டாயம். அதோடு ஏறும் கதவுக்குப் பக்கத்தில், பரிசோதனை விமானம் என்று பொருள்படும் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற சொல்லை 2 முதல் 6 அங்குல உயர எழுத்தில் எழுதியாக வேண்டும். ஏறி உட்காரப்போகும் நண்பர் அதைப் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது கணக்கு. எனக்கு இது மிகவும் நியாயமான விதியாகப் படுகிறது.

(கட்டிய பிறகு மலையில் எங்கே பறப்பது என்று கேட்காதீர்கள். கேத்தியில் கட்டினாலும் லாரியில் ஏற்றிச் சமவெளிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இறக்கையைக் கழற்ற முடியாத விமானம் பர்லியாறு தாண்டாது.)

## எழுத்து எவ்வளவு பெரிது?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. உலக நாடுகளின் விமான விதிகளை ஒருங்கிணைக்கும் அமைப்புக்கு ஐகேயோ என்று பெயர். தலைமையகம் கனடாவின் மாண்ட்ரியல். 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது. அந்த ஒப்பந்தத்துக்குப் பல இணைப்புகள் உண்டு. ஏழாவது இணைப்பு முழுக்க இந்தப் பதிவுக் குறியைப் பற்றியது.

அதன்படி குறி இரண்டு இடத்தில் வர வேண்டும். ஒன்று, இறக்கையின் அடிப்பக்கம், இடது பாதியில், எழுத்தின் தலை முன்பக்கம் பார்த்து. இங்கே எழுத்தின் உயரம் குறைந்தது 50 சென்டிமீட்டர். இரண்டு, விமானத்தின் உடலில் இரு பக்கமும், அல்லது நிமிர்ந்து நிற்கும் வாலில். இங்கே குறைந்தது 30 சென்டிமீட்டர். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எழுத்தை வரையும் கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி, எழுத்தின் அகலத்தில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. ரோமன் பெரிய எழுத்து மட்டும். பூவேலை, வளைவு, அலங்காரம் எதுவும் கூடாது. பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் நிறம். இந்திய விதிகளும் இந்த அளவுகளை ஒட்டியவைதான்.

தமிழில் எழுதக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: விமானத்துக்கு மாரியம்மன் என்று பெயர் வைத்து மூக்கில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். பதிவுக் குறி மட்டும் ரோமன் எழுத்தில்தான். டோக்கியோவில் இருப்பவரும் கெய்ரோவில் இருப்பவரும் அதைப் படிக்க வேண்டும்.

இந்த அளவுகளைப் பேப்பரில் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். ‘விடி’, கோடு, இன்னும் மூன்று எழுத்து. ஐந்து எழுத்தும் ஒரு கோடும். உயரம் 30 என்றால் அகலம் 20. ஆறு இருபது 120. நடுவில் ஐந்து இடைவெளி, ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர். மொத்தம் 145 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு பலகை! இறக்கைக்கு அடியில் 50 சென்டிமீட்டர் எழுத்தென்றால் சுமார் 2.4 மீட்டர் வேண்டும். பெரிய ஜெட் விமானத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் உட்காரும் விமானத்தின் வாலோ ஒரு கதவு அளவுக்குக்கூட இருக்காது. வெறும் குழாய்ச் சட்டத்தோடு பறக்கும் மைக்ரோலைட்டுக்கு ‘உடல்’ என்று சொல்லவே எதுவும் இல்லை. எங்கே போய் எழுதுவது?

அமெரிக்கா இதற்கு ஒரு வழி சொல்கிறது. பொதுவாக அங்கே 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆனால் வீட்டில் கட்டிய விமானம், பயண வேகம் 180 ‘நாட்’ (விமான வேகத்தை அளக்கும் அலகு), அதாவது மணிக்கு சுமார் 333 கிலோமீட்டருக்குள் என்றால் 3 அங்குலம் போதும். 30 ஆண்டுக்கு மேல் பழைய வடிவத்தை அச்சு அசலாகப் பிரதி எடுத்துக் கட்டியிருந்தால் 2 அங்குலம்கூடப் போதும். பழைய போர் விமானம் போலக் கட்டிவிட்டு, அதன் மேல் ஓர் அடி உயர எழுத்தை ஒட்டினால் அழகு கெடும் என்று கட்டியவர்கள் கவலைப்படுவது நியாயம்தானே. முழு அளவு எழுத இடமே இல்லாவிட்டால், இருக்கிற பெரிய பரப்பில் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக எழுது என்கிறது விதி. இறக்கைக்கு அடியில் எழுதும் கட்டாயமும் அங்கே இன்று இல்லை.

சலுகைக்கு ஓர் எல்லை உண்டு, நிஜமாகவே எல்லைதான். நாட்டின் வான் பாதுகாப்பு அடையாள மண்டலம் என்று ஒரு பகுதியைக் குறித்திருப்பார்கள். அதற்குள் வரும் ஒவ்வொரு விமானமும் தான் யார் என்று காட்டியாக வேண்டும். அந்த மண்டலத்துக்குள் நுழைந்தால் 3 அங்குலச் சலுகை செல்லாது. தற்காலிகமாக ஒட்டியாவது 12 அங்குலத்தில் காட்ட வேண்டும். உள்ளூரில் விட்டுக்கொடுக்கலாம், வெளி ஆள் பார்க்கும் இடத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. எழுத்தின் அளவை விதி தீர்மானிப்பது விமானத்தின் பெருமையைப் பார்த்து இல்லை, படிக்கப்போகிறவர் யார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்து.

## எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கலாம்?

இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண் டாக்டரிடம் போனால் 6 மீட்டர் தூரத்தில் ஓர் எழுத்து அட்டை இருக்கும். நல்ல பார்வை உள்ளவர் படிக்கும் வரியில் எழுத்து ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரம். அதாவது, எழுத்தின் உயரத்தைப் போல சுமார் 690 மடங்கு தூரம் வரை நல்ல கண்ணால் படிக்க முடியும்.

இந்த மடங்கை விமான எழுத்துக்குப் போட்டால் 50 சென்டிமீட்டர் எழுத்தை 340 மீட்டர் வரை படிக்கலாம். 30 சென்டிமீட்டரை 200 மீட்டர் சொச்சம் வரை. 3 அங்குல எழுத்தை 52 மீட்டர் வரை. 2 அங்குலத்தை 35 மீட்டர் வரை. இது அசையாத எழுத்து, நல்ல வெளிச்சம், நேர் பார்வை என்று வைத்துப் போட்ட கணக்கு. விமான எழுத்தின் கோடு கண் அட்டை எழுத்தைவிடக் கொஞ்சம் மெல்லியது. ஆகவே நிஜத்தில் தூரம் இன்னும் குறையும்.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வையை நம்பிப் பறக்கும் விமானம், ஊர்கள் மேல் பறக்கும்போது சுற்றிலும் உள்ள உயரமான தடையைவிட 300 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வெட்டவெளியில் 150 மீட்டராவது. இறக்கையடி எழுத்தின் 340 மீட்டர், அந்த 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. விதி எழுதியவர்கள் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் ஊர் மேல் ஒருவன் சட்டம் விடும் மிகக் குறைந்த உயரத்தில் பறந்தால் கீழே நிற்கும் உன்னால் அவன் எண்ணைப் படிக்க முடியும், அவன் தாழப் பறந்து தொல்லை கொடுத்தால் கட்டாயம் படிக்க முடியும் என்கிற அளவில் அது இருக்கிறது.

3 அங்குல எழுத்துக்கு அந்த வேலை முடியாது. 150 மீட்டர் உயரத்தில் போகும் விமானத்தில் 52 மீட்டர் வரை மட்டும் படிக்கக்கூடிய எழுத்து இருந்து என்ன பயன்? அது வானத்தில் படிப்பதற்கான எழுத்து இல்லை. தரையில் நிறுத்தியிருக்கும்போது பக்கத்தில் போய்ப் படிப்பதற்கானது. அமெரிக்கா தெரிந்தே கொடுத்திருக்கும் சலுகை அது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விமானத்தின் அழகு கட்டியவருக்கு. சத்தமும் ஆபத்தும் கீழே இருப்பவர்களுக்கு. எழுத்தின் அளவை யார் பக்கம் நின்று தீர்மானிப்பது என்றால் நான் கீழே நிற்பவர் பக்கம்தான்.

ஆக, எழுத்தின் உயரம் படிக்கும் தூரத்தைத் தீர்மானிக்கிறது. 50 சென்டிமீட்டர், வானத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு. 30 சென்டிமீட்டர், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு. 3 அங்குலம், விமானத்தின் அருகே நடந்து வருபவருக்கு.

## மலையில் நின்று பார்த்தால்

இறக்கைக்கு அடியில் எழுதச் சொல்லும் விதி, பார்ப்பவர் கீழே நிற்கிறார் என்று எண்ணுகிறது. சமவெளிக்கு அது சரி. மலையில் அப்படி இல்லை. கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர் அளவில். தொட்டபெட்டா 2,637 மீட்டர். கோவைக்காரர் அண்ணாந்து பார்க்கும் விமானம், குன்னூர் மலைச் சரிவில் நிற்பவருக்குக் கண் மட்டத்தில் போகலாம். தொட்டபெட்டாவில் நிற்பவருக்குக் கீழேயே போகலாம். கேத்திப் பள்ளத்தாக்கில் நுழையும் ஹெலிகாப்டரை மேலே ரோட்டில் நின்று பார்ப்பவர் அதன் முதுகைத்தான் பார்ப்பார். மலைவாசிக்கு உதவுவது வாலிலும் பக்கவாட்டிலும் உள்ள எழுத்துதான். இறக்கைக்கு மேல் பக்கம் எழுதச் சொல்லி ஐகேயோ கேட்கவில்லை.

(ராணுவ ஹெலிகாப்டரில் ‘விடி’ தேடாதீர்கள். ராணுவம், போலீஸ் போன்ற அரசு விமானங்கள் சிகாகோ ஒப்பந்தத்துக்குள் வராது. நம் விமானப் படையின் விமானங்களில் படையின் சொந்த வரிசை எண்ணும் மூவண்ண வட்டமும் இருக்கும்.)

அப்புறம் மூடுபனி. மூடுபனி எழுத்தைச் சின்னதாக்குவதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தை அழிக்கிறது. நடுவில் இருக்கும் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடித்து, கறுப்பையும் வெள்ளையையும் ஒரே சாம்பல் நிறத்தை நோக்கி இழுக்கின்றன. ஆரம்பத்திலேயே வித்தியாசம் குறைவாக இருந்தால் முதலில் தொலைந்துபோவது அதுதான். வெள்ளி நிற உடலில் சாம்பல் எழுத்து ஷெட்டுக்குள் வெகு ஸ்டைலாக இருக்கும். ஜூலை மாதத்துக் குன்னூரில் பத்து எட்டு தள்ளி நின்றாலே படிக்க முடியாது. மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கருநீலம் போன்றவை நிற்கும். அலங்காரம் கூடாது என்ற விதியும் இதோடு சேர்ந்ததுதான். எழுத்தைச் சுற்றி நிழல், தங்கக் கரை எல்லாம் போட்டால் தூரத்தில் எழுத்தின் விளிம்பு எது, நிழல் எது என்று கண் தடுமாறும்.

## மற்ற பைலட்டுக்காகவா?

மூன்றாவது வாக்கியம் மிச்சம் இருக்கிறது. விமானம் கண்ணில் படுவது ஒன்று, அதன் எண்ணைப் படிக்க முடிவது வேறொன்று. எதிரே வரும் விமானி மோதாமல் விலக வேண்டுமென்றால் அவர் சில கிலோமீட்டர் தூரத்திலேயே பார்த்தாக வேண்டும். இரண்டு விமானங்கள் தலா மணிக்கு 160 கிலோமீட்டரில் எதிரெதிரே வந்தால் வினாடிக்கு சுமார் 89 மீட்டர் நெருங்குகின்றன. 200 மீட்டரில் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். அந்த வேலைக்கு மின்னும் விளக்கு, பளிச்சென்ற வண்ணம், ரேடியோ எல்லாம் இருக்கின்றன. டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியும் உண்டு. தரை ரேடார் கேட்கும்போது தன் அடையாளத்தையும் உயரத்தையும் தானாகவே பதில் அனுப்பும். செல்போனில் விமானங்கள் நகர்வதைக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் இதன் சிக்னலைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் வீட்டில் கட்டிய சிறு விமானங்கள் பலவற்றில் அந்தக் கருவியே இருக்காது. அவற்றுக்குப் பெயின்ட் எழுத்துதான் அடையாளம். “ஆப் இருக்கும்போது எழுத்து எதுக்கு” என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

## எரிந்தாலும் மிஞ்ச வேண்டிய தகடு

பெயின்ட் எழுத்தோடு இன்னொரு குறியும் உண்டு. அது தூரத்திலிருந்து கண்ணில் படாது. தீயில் உருகாத உலோகத் தகட்டில் நாட்டுக் குறியையும் பதிவுக் குறியையும் பொறித்து, கதவுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். வீட்டில் கட்டியவருக்கும் இதில் விலக்கு இல்லை. பெயின்ட் எரிந்துவிடும், துணி எரிந்துவிடும், அலுமினியம்கூட உருகிவிடும். விழுந்த இடத்துக்குப் போகிறவர்கள் கையில் கிடைக்க இது ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

காடும் பள்ளத்தாக்கும் மேகமும் உள்ள ஊரில் இது வெறும் ஏட்டு விதி இல்லை. 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டக்ளஸ் டிசி-3 ரக விமானம் ஒன்று கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதி, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். அதன் பதிவுக் குறி விடி-சிஎஃப்கே. இறந்தவர்களில் ஒருவர் கணிதப் புள்ளியியலில் உலகப் புகழ் பெற்ற ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை ஆராய்ந்து, எந்தப் பாகத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று சொன்னவர். அவர் பெயரைப் பாடத்தில் படிக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கு, அவர் இறந்தது இந்த மலையில்தான் என்று தெரியாது.

## ஒரு விமானத்தைப் பார்த்தீர்கள் என்றால்

வீட்டுக் கூரைக்கு மேல் ஏதோ ஒன்று தாழப் பறந்து போகிறது, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘விடி’க்குப் பிறகு வரும் மூன்று எழுத்து கிடைத்தால் போதும். டிஜிசிஏ பதிவேட்டில் அது எந்த விமானம், யாருடையது என்பது இருக்கும். அமெரிக்கா, பிரிட்டன் பதிவேடுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். மூன்றில் இரண்டு எழுத்துதான் கிடைத்தது என்றாலும் குறித்து வையுங்கள். மீதி இடத்துக்கு 26 வாய்ப்புதான், அதிலும் அந்த நிறத்தில், அந்த வடிவத்தில் இருப்பவை ஓரிரண்டுதான் தேறும். எழுத்தே தெரியவில்லை என்றால் நேரம், போன திசை, இறக்கை உடலுக்கு மேலே பொருத்தியிருந்ததா கீழேயா, சக்கரம் எத்தனை, என்ன நிறம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோ எடுப்பதானால் தலைக்கு மேல் வரும்போது ஜூம் செய்து திணறாமல், கடந்து போகும்போது பக்கவாட்டில் எடுங்கள். வாலில் இருக்கும் 30 சென்டிமீட்டர் எழுத்து அந்தச் சில வினாடிகளில்தான் கேமராவுக்கு நேராக நிற்கும்.